மூன்று மில்லிமீட்டர்

டைல்ஸ் கடையில் கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி கோட்டின் நிறம் பற்றியது. டைல் தேர்ந்தெடுத்து, சதுர அடிக் கணக்குப் போட்டு, உடைசலுக்கென்று நூற்றுக்குப் பத்து கூடுதலாகச் சேர்த்து, வண்டி வாடகை பேசி, முன்பணமும் கட்டியபிறகு, பில் போடுகிறவர் தலையைத் தூக்காமலே "கிரௌட் என்ன கலர் சார்?" என்பார். பாதிப் பேர் அந்த இடத்தில் களைத்துப்போய் "வொயிட்டே போடுங்க" என்றுவிடுவார்கள். மீதிப் பேரிடம் ஓர் அட்டை நீட்டப்படும். அதில் விரல் நீளத்துக்கு வண்ண வண்ணக் குச்சிகள் ஒட்டியிருக்கும். ஐவரி, பாதாம், ஸ்மோக் கிரே, டெரகோட்டா, சாக்லேட், கறுப்பு. ஏதோ ஒன்றைக் கைகாட்டிவிட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம்.

கடைக்காரர்கள் கிரௌட் என்கிறார்கள், மேஸ்திரிகள் ஜாயிண்ட் என்கிறார்கள். நான் கோடு என்றே சொல்லிக்கொள்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி டைல் போட்ட தரையில் மூன்று மில்லிமீட்டர் கோடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குதான் வரும். அந்த ஒரு பங்குக்கு இவ்வளவு நிறங்கள் எதற்கு, யார் முதலில் அதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று தேட ஆரம்பித்தபோது, டைலின் வரலாறு என்று எழுதப்பட்டிருப்பதெல்லாம் ஓவியத்தையும் பளபளப்பையும் பற்றியே பேசுவதைக் கவனித்தேன். நடுவிலிருக்கும் சந்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தேய்க்கிறவர்களுக்கு அந்தச் சந்துதான் எல்லாமே. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோடு ஏன் இருக்கிறது என்பதற்குப் பதில் நெருப்பு. ஈரக் களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். சூளையின் வாயருகே இருந்ததற்கும் மூலையில் இருந்ததற்கும் ஒரே சூடு கிடைப்பதில்லை. ஒரே அச்சில், ஒரே கையால், ஒரே காலையில் அடித்த இரண்டு ஓடுகள் வெந்து வெளியே வரும்போது ஒரே அளவில் இருக்காது. ஒன்று அரைக்கால் அங்குலம் குறைந்திருக்கும், இன்னொன்றின் மூலை கொஞ்சம் தூக்கியிருக்கும். அப்படிப்பட்ட நூறு ஓடுகளைத் தரையில் வரிசையாகப் போட்டால் பத்தாவது ஓட்டிலேயே வரிசை கோணிவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டால், அந்த இடம் கூடியும் குறைந்தும் பிழையை விழுங்கிக்கொள்ளும். பொறியியல் கல்லூரியில் டாலரன்ஸ் என்று சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இரண்டு மென்பொருள்களை இணைக்கும் இடத்திலும் நாங்கள் இப்படி ஒரு சந்து விட்டுத்தான் எழுதுகிறோம். அதற்கும் யாரும் பாராட்டு விழா எடுப்பதில்லை.

இந்தச் சந்தைச் சுருக்க மனிதர்கள் பட்ட பாடு பெரியது. மொராக்கோவில் ஸெல்லீஜ் வேலை செய்கிறவர்கள் சுட்ட ஓட்டை எடுத்து, சிறிய நட்சத்திரமாகவும் பட்டையாகவும் சுத்தியலால் கொத்தி, ஓரங்களைப் பின்பக்கமாகச் சரித்துவிடுவார்கள். பிறகு முகம் கீழே இருக்கும்படி துண்டுகளை அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றுவார்கள். நிமிர்த்திப் பார்த்தால் மயிரிழை அளவுகூடக் கோடு தெரியாது. கோட்டை ஒழிக்க அவர்கள் கொடுத்த விலை, ஒரு வாழ்நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து கல்லைக் கொத்துவது.

இங்கிலாந்து அதை இயந்திரத்தால் செய்தது. 1840இல் ரிச்சர்ட் ப்ராஸர் என்பவர், ஈரக் களிமண்ணுக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட உலர்ந்த களிமண் பொடியை இரும்பு அச்சில் வைத்து அழுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் அது சட்டைப் பொத்தான் செய்யத்தான் பயன்பட்டது. ஸ்டோக் நகரத்தில் பீங்கான் தொழில் நடத்திவந்த ஹெர்பர்ட் மிண்டன் அதை டைலுக்குக் கொண்டுபோனார். பொடியில் தண்ணீர் குறைவு, ஆகவே சுருக்கமும் குறைவு. டைல்கள் முன்பைவிட ஒத்த அளவில் வந்தன, கோடு மெலிந்தது. மிண்டன் தரைகள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் வரைக்கும் போயின. நமக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் மும்பை பைகுல்லாவில், 1872இல் திறக்கப்பட்டு இன்று பாவ் தாஜி லாட் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே போகிறவர்கள் மேலே தங்கப் பூச்சு வேலையை அண்ணாந்து பார்ப்பார்கள். கொஞ்சம் குனிந்தும் பார்க்கலாம்.

கோட்டை மெலிதாக்க முடியாதவர்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். நிறத்தால் ஏமாற்றுவது. இது தரையில் நடந்ததல்ல, சுவரில் நடந்தது. ஆனால் கிரௌட் நிறத்தின் கதைக்கு இதுதான் மூதாதை என்று எனக்குத் தோன்றுகிறது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பணக்கார வீடுகளுக்குச் செங்கற்களைத் தேய்த்துத் தேய்த்து அளவாக்கி, இரண்டுக்கும் நடுவில் நூல்போல வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு வருமாறு கட்டினார்கள். அது பெரிய செலவு. நடுத்தர வீடுகளின் செங்கல் கோணல்மாணலாக இருக்கும், சாந்து அரை அங்குலத்துக்கு வழியும். அதற்கு டக் பாய்ண்டிங் என்று ஒரு வித்தை வந்தது. முதலில் செங்கல் நிறத்திலேயே சாந்தைக் குழைத்துச் சந்துகளை அடைத்துவிடுவார்கள். சுவர் முழுக்க ஒரே செக்கச்செவேல். செங்கல் எங்கே முடிகிறது, சாந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பிறகு அதன் நடுவில் நேராக ஒரு பள்ளம் கீறி, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றைத் தனியாகப் பதிப்பார்கள். தெருவிலிருந்து பார்த்தால் மிக நேர்த்தியான செங்கல் வேலை.

இந்த வித்தையில் இன்றைய நிற அட்டையின் இரண்டு முனைகளும் இருக்கின்றன. டைலின் நிறத்திலேயே கோடு போட்டால் பிழை மறையும். எதிர் நிறத்தில் போட்டால் கோடு தன்னைக் காட்டிக்கொள்ளும், கூடவே கொத்தனாரின் கையையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளை டைலுக்குக் கறுப்புக் கோடு கேட்டால் மேஸ்திரிகள் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு மில்லிமீட்டர் கோணலும் நோட்டுப் புத்தகத்தில் அடித்த கோடுபோலத் தெரியும்.

ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே வெகுகாலத்துக்கு இல்லாத வசதி. சுண்ணாம்புச் சாந்து மணலின் நிறத்தைக் கொண்டிருந்தது. சிமெண்ட் வந்தபிறகு சாம்பல் நிறம். 1824இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் தன் சிமெண்ட்டுக்கு போர்ட்லாண்ட் என்று பெயர் வைத்ததே ஒரு நிற விளம்பரம்தான். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் வெட்டப்படும் போர்ட்லாண்ட் கல் வெளிர் நிறத்தது, மதிப்பானது, லண்டனின் பெரிய தேவாலயங்கள் அதில்தான் எழுந்தன. தன் சாந்து இறுகினால் அந்தக் கல்லைப் போலிருக்கும் என்பது அவருடைய உரிமைகோரல். இன்று சிமெண்ட் மூட்டையைப் பார்க்கிற யாருக்கும் அது நம்பும்படி இருக்காது.

சிமெண்ட் சாம்பலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இரும்பு. சுண்ணாம்புக் கல்லோடு சேர்த்து எரிக்கிற களிமண்ணில் இரும்பு இருக்கிறது. சாதா சிமெண்ட்டில் இரும்பு ஆக்சைடு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை இருக்கும். இதை அரைப் பங்குக்கும் கீழே இறக்கினால் சிமெண்ட் வெள்ளையாகும். சொல்வதற்குச் சுலபம். இரும்பு கலக்காத சுண்ணாம்பு வேண்டும், சாதா களிமண்ணுக்குப் பதில் வெள்ளைக் களிமண் வேண்டும், நிலக்கரியின் சாம்பல் நிறத்தைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு இரும்புதான் சூளைக்குள் பொருள்கள் உருகிச் சேர உதவுகிறது. அதை எடுத்துவிட்டால் இன்னும் அதிகச் சூடு தேவை. வெள்ளை என்பது கூடுதல் எரிபொருள்.

இந்தக் கதை நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவது இங்கேதான். கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில் 1946இல் திருவிதாங்கூர் சிமெண்ட்ஸ் தொடங்கப்பட்டது. முதலில் சாதா சிமெண்ட் செய்த ஆலை, 1959இல் வெள்ளைச் சிமெண்ட்டுக்கு மாறியது. அதன் மூலப்பொருள் மலையிலிருந்து வெட்டிய கல் அல்ல. வேம்பநாட்டுக் காயலின் அடியில் படிந்து கிடந்த சிப்பிகள். பல்லாயிரம் வருடம் செத்து அடங்கிய சிப்பியின் ஓட்டில் சுண்ணாம்பு மிகத் தூய்மையாக இருக்கும். காயலிலிருந்து வாரியெடுத்து எரித்து அரைத்துப் பையில் கட்டினார்கள். வேம்பநாடு என்ற பெயரிலேயே அது விற்பனைக்கு வந்தது. நம் ஊர்களிலும் குளியலறைச் சுவர்களில் ஓடிய வெள்ளைக் கோடுகள் சிலவற்றுக்குள் அந்தக் காயல் இருந்திருக்கும். பிறகு 1984இல் ராஜஸ்தானின் கோட்டனிலும் 1988இல் ஜோத்பூர் பக்கம் கரியா கங்காரிலும் பெரிய ஆலைகள் வந்தன. வெள்ளைச் சிமெண்ட் எல்லா ஹார்டுவேர் கடையிலும் ஒரு கிலோப் பொட்டலமாகக் கிடைக்க ஆரம்பித்தது.

கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் நம் நடுத்தர வீடுகளுக்கு பீங்கான் டைல் வந்தது. எட்டுக்கு எட்டு அங்குலம், வெள்ளை அல்லது வெளிர்நீலம், நடுவில் ஒரு ரோஜா. அதற்கு முன்பு தரை என்றால் காவி நிற ஆக்சைடு பூசியது, அல்லது மொசைக். ஆக்சைடு தரையில் கோடே கிடையாது. அறை முழுக்க ஒரே பூச்சு. வெடிப்புதான் அதன் கோடு. என் தலைமுறைக்காரர்கள் பலருக்கு அந்தச் சிவப்புத் தரையில் வெயில் காலத்தில் வெறும் முதுகோடு படுத்த நினைவு இருக்கும், அதைப் பற்றிக் கவிதையும் வைத்திருப்பார்கள். அம்மாக்களைக் கேட்டால், டைல் போட்டபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பார்கள். நான் அம்மாக்கள் பக்கம்.

டைலோடு வந்த வெள்ளை மோகம் நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணமான கிருமியை அறிவித்தார். அடுத்த இருபது முப்பது வருடங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தூசி என்பது வெறும் அசிங்கம் என்ற நிலையிலிருந்து கொல்லக்கூடியது என்ற நிலைக்குப் போனது. கனத்த திரைச்சீலையும் கம்பளமும் சந்தேகத்துக்குரியவை ஆயின. மருத்துவமனை, பால் கடை, சமையலறை, குளியலறை எல்லாம் வெள்ளை டைலுக்கு மாறின. 1904 அக்டோபர் 27ஆம் தேதி நியூயார்க் சுரங்க ரயில் திறக்கப்பட்டபோது ஹெயின்ஸ், லஃபார்ஜ் என்ற கட்டடக் கலைஞர்கள் நிலையங்களின் சுவர்களில் மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல்களைப் பதித்திருந்தார்கள். மண்ணுக்கடியில் இறங்கப் பயந்த ஜனங்களுக்கு, இங்கே அழுக்கு ஒளிந்துகொள்ள முடியாது என்று அந்தச் சுவர் சொல்லியது. இன்றும் அந்த அளவுக்கு சப்வே டைல் என்றுதான் பெயர். சென்னையின் காபிக் கடைகளில் அதைக் கறுப்புக் கோடு போட்டு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

வெள்ளைச் சுவரின் வாக்குறுதியில் ஒரு ஓட்டை இருந்தது. டைலின் மேல் இருப்பது கண்ணாடிப் பூச்சு. அதில் எதுவும் இறங்காது. கோடு சிமெண்ட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, தண்ணீர் இறங்கும், சோப்பும் எண்ணெயும் இறங்கும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பும் சில இடங்களில் இரும்பும் இருக்கிறது. எவ்வளவோ செலவு செய்து சிமெண்ட்டிலிருந்து வெளியேற்றிய இரும்பு, குழாய் வழியே வந்து ஒரே வருடத்தில் கோட்டைப் பழுப்பாக்கிவிடும். டைல் அன்று வாங்கியதுபோலவே இருக்கும். கோடு மட்டும் வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

யாரைக் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் கேள்வி. ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற புத்தகம் எழுதினார். வீட்டுக்கு இயந்திரங்கள் வந்தபிறகும் பெண்களின் வேலை ஏன் குறையவில்லை என்று கேட்ட புத்தகம். அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, கருவி வர வர சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்துகொண்டே போனது. சட்டையை வாரம் ஒருமுறை மாற்றியவர்கள் தினமும் மாற்றினார்கள், துவைக்கிறவர் மட்டும் மாறவில்லை. வெள்ளைக் கோடு அந்தப் பட்டியலில் சேரவேண்டியது. காவித் தரை அழுக்கானால் யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோடு அழுக்கானால் விருந்தாளிக்குத் தெரியும். அதைக் கடையில் தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் ஆண். விருந்தாளி போனபிறகு பிரஷோடு உட்காருகிறவர் பெரும்பாலும் பெண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடிக்கு எட்டடி குளியலறை. தரையில் ஓரடி டைல், சுவரில் ஏழடி உயரத்துக்கு ஓரடிக்கு ஒன்றரை அடி டைல். கதவை விட்டுவிட்டுக் கோடுகளின் நீளத்தைக் கூட்டினால் ஏறக்குறைய நூறு மீட்டர் வருகிறது. ஒரு சின்னக் குளியலறைக்குள், பழைய பல்துலக்கும் பிரஷால், குத்துக்காலிட்டு உட்கார்ந்து நூறு மீட்டர். எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "டைல்ஸ் ஒண்ணுமே இல்ல தம்பி, ஒரு தடவ துணியப் போட்டா போச்சு. இந்தக் கோடுதான் உயிர எடுக்குது. வெள்ளையாக்குன்னு சொல்றாங்க, அது வெள்ளையா ஆவுற பொருளே இல்ல" என்றார்.

அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. கோட்டை வெள்ளையாக்க வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொடுப்பது பாத்ரூம் ஆசிட், அதாவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியவுடன் நுரைக்கும். அழுக்கு போகிறது என்று தோன்றும். நுரைப்பது சிமெண்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு. அமிலம் அதைக் கால்சியம் குளோரைடாக மாற்றுகிறது, அது தண்ணீரில் கரைந்து ஓடிவிடுகிறது. அழுக்கு படிந்த மேல்தோலோடு கோடும் கொஞ்சம் போய்விட்டது. புதிதாக வெளியே வந்த பரப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் முன்பைவிடச் சொரசொரப்பாக இருக்கும். அடுத்தமுறை அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். மறுபடி ஆசிட். சில வருடத்தில் கோடு பள்ளமாகி, தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கசிய ஆரம்பிக்கும். இதற்கு நடுவில் கையுறை இல்லாத விரல்களும், மூடிய அறையில் அந்தப் புகையை இழுத்த நெஞ்சும் இருக்கின்றன. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும் என்பது பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்து பெரும்பாலும் அதை ஊற்றுகிறவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருப்பதில்லை.

கறுப்புக் கோட்டுக்கு வருகிறேன். அதை இறுதிவரை கொண்டுபோன ஒரு மனிதர் இருந்தார். பிரெஞ்சுக் கலைஞர் ழான் பியேர் ரெனோ. தோட்டக்கலை படித்தவர். 1969இல் பாரிஸுக்கு வெளியே தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டு, தரை, சுவர், கூரை, மேசை, கட்டில் என்று எல்லாவற்றிலும் வெள்ளை டைல் ஒட்டினார். பதினைந்து சென்டிமீட்டர் சதுரம், நடுவில் கறுப்புக் கோடு. வருடக்கணக்காக மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே இருந்தார். படங்களில் பார்த்தால் அறை இருப்பதாகவே தெரியாது, கோடுகளின் வலை மட்டும் காற்றில் நிற்கும். 1993இல் அவரே அந்த வீட்டை இடித்தார். இடிபாடுகளை ஆயிரத்துக்கு நெருக்கமான எஃகு வாளிகளில் நிரப்பி போர்தோ நகரக் கலைக்கூடத்தில் அடுக்கிவைத்தார். அந்த வீட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், மரணம், தனிமை, ஒழுங்கு என்றெல்லாம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் யார் துடைத்தார்கள் என்றுதான் தோன்றும்.

கோடே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். காரைக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் ஆத்தங்குடியில். கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கலர் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு இதழிலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த மணல் சிமெண்ட் தூவி, அதற்கும் மேலே சாந்து வைத்து மட்டம் தட்டுவார்கள். காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி பட்ட முகம் கண்ணாடி மாதிரியே பளபளக்கும். இதில் சூளை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெருப்பு இல்லை, அதனால் பெரிய சுருக்கம் இல்லை. சட்டத்தின் அளவுதான் கல்லின் அளவு. ஒன்றோடு ஒன்று நெருக்கி வைத்துவிடலாம். நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ என்ற வடிவங்கள் அதனால்தான் சாத்தியமாயின. சிமெண்ட் கல் என்ற இந்தத் தொழில்நுட்பம் 19ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சிலும் பார்சிலோனாவிலும் வளர்ந்தது. 1922இல் பம்பாயில் தொடங்கிய பாரத் டைல்ஸ், இறக்குமதி டைலுக்குச் சுதேசிப் பதிலாக இதே வகைக் கல்லைச் செய்தது. ஆத்தங்குடியில் அது மெஷின் இல்லாமல் கையோடு தங்கிவிட்டது.

அந்த நெருக்கத்தின் நினைவில்தான் பீங்கான் டைல் வந்த காலத்தில் நம் மேஸ்திரிகள் பேப்பர் ஜாயிண்ட் என்று பெருமையாகச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு காகிதம்தான் நுழையும். டைலை டிரம்மில் ஊறப்போட்டு, ஒட்டி, வொயிட் சிமெண்ட்டைக் கரைத்து ஊற்றித் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. ஆனால் பீங்கான் டைலுக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் வருடக்கணக்காகச் சுருங்கும், மேலே டைல் வெயிலில் விரியும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது சந்து இல்லாத தரை, நடுவில் கூடாரம்போல எழும்பிவிடும். சித்திரை மாதத்தில் வெடிச் சத்தத்தோடு டைல் தூக்கிக்கொண்ட கதையைத் தெருவுக்கு ஒருவராவது சொல்வார். அதற்குப் பிறகுதான் ஸ்பேசர் வந்தது, மூன்று மில்லிமீட்டர் வந்தது, நிற அட்டையும் கூடவே வந்தது.

இந்தப் பழக்கம் இப்போது திரும்பி ஆத்தங்குடிக் கல்லுக்கும் போயிருக்கிறது. சென்னையில் ஓர் உணவகத்தின் தரையில் பார்த்தேன். நான்கு கல் சேர்ந்து பூவாக வேண்டிய இடத்தில் ஸ்பேசர் வைத்து இடைவெளி விட்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்து நிறம் இருக்கும் கல்லுக்கு எந்த நிறத்தில் கோடு போட்டாலும் நான்கு நிறங்களுக்குப் பகை. அவர்கள் கறுப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பூச்சு இல்லாத சிமெண்ட் கல் நிறத்தை உறிஞ்சும். துடைத்தபோது கறுப்புப் பொடி வெள்ளை இதழ்களுக்குள் இறங்கி, ஒவ்வொரு பூவுக்கும் கண்மை கலைந்த மாதிரி இருந்தது. இந்த மாதிரிக் கல்லுக்கு முதலில் மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுத்துவிட்டுத்தான் கோட்டை அடைக்க வேண்டும், முடிந்தவரை நெருக்கிப் பதித்து வெளிர் நிறத்தில் அடைக்க வேண்டும்.

நிறம் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் இன்னும் சில. அட்டையில் இருப்பது பிளாஸ்டிக், தரையில் வரப்போவது சிமெண்ட். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்ததும் வெளிறும். ஆகவே ஒரு பழைய அட்டையில் இரண்டு டைலை ஒட்டி, நடுவில் அடைத்து, இரண்டு நாள் காயவிட்டுப் பார்ப்பது நல்லது. தண்ணீர் அதிகமாக ஊற்றிக் குழைத்தால் அந்த இடம் மட்டும் வெளிறிப்போகும். காலையில் ஒருவரும் சாயங்காலம் ஒருவரும் குழைத்தால் ஒரே அறையில் இரண்டு நிறம் வரும். அடர்நிறக் கோடுகளில் சில வாரம் கழித்து வெண்மையாக உப்பு பூக்கும். அதுவும் சிமெண்ட்டிலிருந்து வெளியே வந்த சுண்ணாம்புதான். இதையெல்லாம் தவிர்க்க எபாக்ஸி இருக்கிறது. சிமெண்ட்டே இல்லாத பிசின், துளை இல்லை, கறை இறங்காது. விலை பல மடங்கு. கலந்தபிறகு சீக்கிரம் இறுகிவிடும், வேகமாகத் துடைக்காவிட்டால் டைல் மேலேயே படிந்துவிடும் என்பதால் பல மேஸ்திரிகள் அதைத் தொடத் தயங்குகிறார்கள்.

எங்கள் வீட்டுக் குளியலறையைப் பெயர்த்துப் போட்டபோது நிற அட்டையை வாங்கிவந்து, கடையில் சொல்லாமல், அந்த அக்காவிடம் நீட்டினேன். அவர் அட்டையை ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த தூசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு குச்சியைத் தொட்டார். ஸ்மோக் கிரே. "இதுலதான் எதுவும் தெரியாது" என்றார். சுவருக்கு அதையே வாங்கினோம். தரைக்கு மட்டும் அதே நிறத்தில் எபாக்ஸி.

மேஸ்திரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சாதா சிமெண்ட் கலர்தானே சார் இது, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டார். பொட்டலத்தின் பின்பக்கம் படித்தேன். வெள்ளைச் சிமெண்ட், நுண்மணல், பாலிமர், கனிம நிறமி என்றிருந்தது. சாம்பலுக்குப் பயன்படும் கனிம நிறமி பொதுவாகக் கறுப்பு இரும்பு ஆக்சைடு. எங்கோ ஓர் ஆலையில் இரும்பைப் பொறுக்கி எடுத்து வெள்ளையாக்கியதில், இன்னொரு ஆலை இரும்பைப் போட்டுச் சாம்பலாக்கியிருக்கிறது. சாதா சிமெண்ட்டில் மூட்டைக்கு மூட்டை நிறம் மாறும், அதோடு வெறும் சிமெண்ட் பால் காய்ந்து சுருங்கிப் பிளந்துவிடும், இதில் பாலிமர் பிடித்துக்கொள்ளும் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வாளியில் தண்ணீரை அளந்து ஊற்ற ஒரு பழைய குவார்ட்டர் பாட்டிலைத் தேடப் போனார்.